நாள்தோறும் நீர் விட்டும் கோல்ஃப் கிரீனில் திட்டுத் திட்டாகக் காயும் புல்: காரணம் என்ன?

கேள்வி
கோவைக்கு அருகே ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஏப்ரல் பிறந்ததிலிருந்து இரண்டு கிரீன்களில் (குழியைச் சுற்றி மணல்மேல் வளர்த்துக் குட்டையாக வெட்டும் புல்தரை) பெர்முடா புல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகி, மிதித்த தடம் எழாமல், இரண்டே நாளில் வைக்கோலாகிவிடுகிறது. அதிகாலைப் பாசனத்தை 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் கூட்டியும் பயனில்லை. பள்ளமான ஓரங்களில் பாசி படர்ந்ததுதான் மிச்சம். வெட்டும் உயரம் 3.5 மி.மீ. பூஞ்சைக்கொல்லி அடிக்கலாமா?

பதில் 1
மருந்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள், ஐயா. முதலில் ஒரே அளவுள்ள டப்பாக்களைக் கிரீன் முழுவதும் பரப்பி, ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு, நீர் சமமாக விழுகிறதா என்று அளந்து பாருங்கள். அடுத்து, காய்ந்த திட்டிலிருந்து மண்ணை உருளையாக எடுத்து நிழலில் உலர்த்தி, மேலிருந்து கீழாக 2 செ.மீ. இடைவெளியில் சொட்டு நீர் விடுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் சொட்டு முத்தாக நின்றால் அந்த மணல் நீரை ஏற்க மறுக்கிறது என்று பொருள்.

கேட்டவர்
டப்பாக்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மேல் 5 செ.மீ. வரை சொட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் அப்படியே நின்றது. அதற்குக் கீழே உடனே இறங்கிவிட்டது.

பதில் 1
அப்படியானால் ஐயமில்லை. மட்கிய வேரும் சருகும் மணல் துகள்களின்மேல் மெழுகுபோல் படிந்துவிட, விழும் நீரெல்லாம் பக்கவாட்டில் வழிந்து உங்கள் பாசிக்கே போய்ச் சேர்கிறது. மெல்லிய ஊசிக் கம்பிகளால் திட்டுகளில் நெருக்கமாகத் துளையிட்டு, வெட்டிங் ஏஜென்ட் (மணலை நீர் ஏற்கச் செய்யும் பொருள்) கரைசலைத் தெளித்து, அது இலையில் தங்காமல் உடனே நீர் பாய்ச்சி உள்ளே இறக்குங்கள். அதன்பின் திட்டுகளுக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து நீர் விட்டால் போதும். வெட்டும் உயரத்தை 5 மி.மீ. ஆக்குங்கள், பந்து மெதுவாக உருள்கிறது என்று உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். புல் தேறும்வரை யூரியா வேண்டாம்.

பதில் 2
ஒன்று சேர்க்கிறேன். நண்பகலில் லேசாக நீர் தெளித்துக் குளிர்விப்பது குளிர்நாட்டுப் பென்ட் புல்லுக்கு உரிய வைத்தியம். வெயிலிலேயே செழிக்கும் பெர்முடாவுக்குத் தேவை வேரடி ஈரம்தான். ஆழ்துளைக் கிணற்று நீரானால் உப்பையும் சோதித்துவிடுங்கள்.

கேட்டவர், இரண்டு வாரம் கழித்து
ஒன்றைத் தவிர எல்லாத் திட்டுகளும் பச்சை கட்டிவிட்டன. அந்த ஒன்றைத் தோண்டிப் பார்த்தால், 30 செ.மீ. இருக்க வேண்டிய மணல் 10 செ.மீ.தான் இருக்கிறது, அடியில் கட்டடக் கழிவு. மழைக்காலத்துக்கு முன் அந்த மூலையைப் பிரித்து மீண்டும் மணல் நிரப்பப் போகிறேன்.