மியான்மர் அகதிகளுக்கு ஊர்ப் பணம்: எந்த வழியில் அனுப்புவது, மனுவில் என்ன கேட்பது?

ஊருணிக்கரை கேட்டது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நகரக் கோயில் காரியக்காரர்கள், பள்ளிவாசல் ஜமாஅத், தேவாலயப் பங்குப் பேரவை மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். மியான்மரில் 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு நடக்கும் போரில் வீடிழந்தவர்களுக்கு உதவ வேண்டும் என்பது நோக்கம். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கிற ஊர் என்பதால் வசூலுக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. புள்ளிக்கு (நகரத்தார் கோயில் கணக்கில் ஒரு குடும்பம்) 500 ரூபாய், மற்ற இரு தரப்பின் பங்கு எல்லாம் சேர்த்து 4 லட்சத்தை நெருங்குகிறது.

இனிமேல்தான் குழப்பம். விடுதி அறக்கட்டளைக் கணக்கிலிருந்து நேரே யாங்கோனுக்கு அனுப்ப முடியுமா? சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவினர்களும் தருகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா? சிலர் பழைய சேலை, அரிசி மூட்டை, மாத்திரை தருகிறார்கள். கூடவே, டெல்லிக்கு ஒரு மனுவும் போட வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேரேடு:

மூன்று தரப்புப் பணத்தையும் ஒரே கணக்கில் கொட்டியிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். ஜகாத் (முஸ்லிம்களின் கடமையான தருமம்) யாருக்குப் போகலாம் என்று மார்க்கம் எட்டு வகை வரையறுத்திருக்கிறது. மனு அச்சடிக்கவும் கூட்டம் போடவும் அதைத் தொடக் கூடாது. அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயிலின் உண்டியல் பணம் இந்தப் பக்கமே வர வேண்டாம். மூன்று பேரேடு, கடைசியில் ஒரே ஐந்தொகை. அது போதும்.

அறக்கட்டளைக் கணக்கிலிருந்து யாங்கோனுக்கு என்றால் இரண்டு பூட்டு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் அது தனிநபருக்கு மட்டும், அறக்கட்டளைக்குக் கிடையாது. அடுத்தது வருமான வரி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(1)(சி) பிரிவுப்படி, அறப்பணிக்கே ஆனாலும் வெளிநாட்டில் செலவிட்ட தொகைக்கு விலக்கு வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவு வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆகவே ஆடிட்டரிடம் பேசும்போது பழைய எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

சரி, ஒரு ஆள் தன் பெயரில் அனுப்பிவிடட்டும் என்றால், ஊரார் பணம் அவர் கணக்கில் ஏறும். அது யாருடைய வருமானம் என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்தப் பணத்தைச் சர்வதேச நிறுவனத்துக்கு அனுப்ப விரும்புகிறவர் தாராளமாக அனுப்பட்டும்: ஏ2 படிவம், பான் எண், 'நன்கொடை' என்ற நோக்கக் குறியீடு. ஆண்டில் 10 லட்சம் தாண்டினால் டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததற்கு 80ஜி (நன்கொடையாளருக்கான வரிச் சலுகை, பழைய எண்) கிடையாது. மியான்மர் 2022 அக்டோபர் முதல், பணமோசடியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்த நாட்டுக்கு என்றால் வங்கி கூடுதல் காகிதம் கேட்கும், நாள் இழுக்கும்.

யாராவது 'உண்டியலில் போட்டால் மறுநாள் போய்ச் சேரும்' என்பார்கள். பாருங்கள், ஒரே சொல்லுக்கு நம் ஊரில் மூன்று பொருள்: சாமிக்குப் போடுவது, பாட்டன் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் எழுதிய கடன் பத்திரம், இன்றைக்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டிவிடும் கள்ளப் பரிமாற்றம். மூன்றாவது வேண்டாம். அந்தப் பணம் யார் கை வழியாகப் போகிறது என்று உங்களால் ஒருநாளும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மியான்மரின் சின் மாநிலத்திலிருந்து ஓடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மிசோரமில் இருக்கிறார்கள். அங்கே தேவாலயங்களும் யங் மிசோ அசோசியேஷன் என்ற உள்ளூர்ச் சங்கமும் அவர்களைப் பார்த்துக்கொள்கின்றன. மிசோரம் இந்தியா, ஆகவே அது உள்நாட்டுச் செலவு. மேலே சொன்ன இரண்டு பூட்டும் இல்லை. உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள நோக்கங்கள் 'இன்ன ஊர், இன்ன சமூகம்' என்று குறுகியிருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள். இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தால் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் ஏறும். 1 லட்சம் கொடுத்தால் 85,000.

வெளிநாட்டு உறவினர் விஷயம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கானது) இருந்தாலும் அதேதான். பதிவுக்கு மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அதில் 15 லட்சமாவது அறப்பணியில் செலவாகியிருக்க வேண்டும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. புதுக் குழுவுக்கு இது ஆகாத வேலை. அந்த அத்தை மாமன்மார் அங்கிருந்தே சர்வதேச நிறுவனங்களுக்கு நேராகக் கொடுக்கட்டும்.

---

மூட்டைக் கணக்கு:

அரிசி மூட்டையை மிசோரம் தலைநகர் ஐஸ்வால் வரை லாரியில் ஏற்றினால் வாடகையே அரிசி விலையை விழுங்கும். பணமாகக் கொடுத்து அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். அங்கே உள்ள கடைக்காரனுக்கும் பிழைப்பு.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது முகாம்களில் வைக்கும் அளவு. அரிசி 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5 என்பது அடிப்படை. மிச்சத்தைச் சத்துமாவும் சர்க்கரையும் ஈடுகட்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் அரிசி 60 கிலோ, பருப்பு 9 கிலோ, எண்ணெய் 3¾ கிலோ, உப்பு முக்கால் கிலோ. இதைக் காட்டி உள்ளூர் விலைப்புள்ளி வாங்குங்கள். குடும்பத்துக்கு மாதம் 5,000 என்று வந்தால் உங்கள் 4 லட்சம் 80 குடும்பத்துக்கு ஒரு மாதம் வரும், அல்லது 20 குடும்பத்துக்கு நான்கு மாதம். இரண்டாவதைத்தான் நான் எடுப்பேன். ஒரு மாதம் கொடுத்து நிறுத்தினால் அடுத்த மாதம் கடன் வாங்குவார்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அரிசியை எல்லோரும் கொடுப்பார்கள், இந்த இரண்டைக் கேட்க ஆள் இருக்காது. அங்குள்ளவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மாத்திரை வேண்டாம். போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு காலாவதி மிச்சமிருக்க வேண்டும், பிரித்த அட்டை கூடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. வீட்டு அலமாரி மருந்து எதுவும் அதில் தேறாது. குழந்தைப் பால் மாவும் வேண்டாம்: தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், தாய்ப்பாலும் நின்றுபோகும். பழைய சேலையைப் பிரித்து அடுக்கவே அங்கே நான்கு ஆள் வேண்டும். மலைக்குளிருக்குக் கம்பளிதான் தேவை.

இன்னொன்று. வந்தவருக்கு மட்டும் கொடுத்து, பக்கத்து வீட்டு மிசோ ஏழையை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் பகை வரும். ஒரு பங்கை அந்தக் கிராமத்துக்கே ஒதுக்குங்கள்.

---

ஊருணிக்கரை:

பேரேடு அண்ணே, மிக்க நன்றி. பாஸ்போர்ட் விஷயம் யாருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 'அப்போ நம்ம பணம் அவங்களுக்கா' என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள். ஜமாஅத்தில் மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்தது, மனுவில் 'போரை நிறுத்து' என்று எழுதினால் போதுமா?

---

குன்றக்குடி ரோடு:

முதல் சந்தேகத்துக்கு எழுதி வைத்த விதியே இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தை நெறியில் இரண்டாவது, மூன்றாவது விதிகள்: இனம், மதம், நாடு பாராமல் தேவையைப் பார்த்துக் கொடு, உதவியை மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தாதே. இதை அப்படியே தீர்மானமாக மூன்று தரப்பும் கையெழுத்திடட்டும், பணம் புறப்படும் முன்பே. ஜகாத்துக்கு மட்டும் மார்க்க வரையறை இருப்பதால் அந்தப் பேரேட்டை ஜமாஅத்தே தீர்மானிக்கட்டும். மற்றதில் கொடுத்தவர் மதம் பெறுகிறவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொட்டலத்தில் சாமிப் படமோ வசனமோ வேண்டாம். வாங்குகிறவர் முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். அவருடைய தாய் தகப்பன் இன்னும் அந்தப் பக்கம் இருப்பார்கள்.

மனுவுக்கு வருவோம். 'போரை நிறுத்து' என்றால் டெல்லியில் யார் மேசைக்குப் போகும்? பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிற கேள்வியாகக் கேளுங்கள். மிசோரமில் சோகாவ்தார் என்ற ஊருக்கு எதிரே, தியாவ் ஆற்றுக்கு அக்கரையில் மியான்மரின் ரிக்காவ்தார் இருக்கிறது. 'அந்தப் பாலம் வழியாக மருந்தும் உணவும் போக அனுமதியும், அதற்கு ஒரு பொறுப்பு அதிகாரியும் வேண்டும்' என்பது ஒரு கோரிக்கை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு 'ஆபரேஷன் பிரம்மா' என்று இந்தியா விமானமும் கப்பலும் அனுப்பியது. போரால் இடம்பெயர்ந்தவருக்கு எவ்வளவு போனது என்று தனியாகக் கேட்கலாம். ஒரு மனு, ஒரு கோரிக்கை. ஐந்து எழுதினால் அவர்களுக்கு எளிதானதற்கு மட்டும் பதில் வரும்.

மக்களவைக்கு மனு என்றால் முறை உண்டு. தமிழில் எழுதலாம், ஆனால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பு சேர்த்து அதிலும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவர் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து. எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். கடிதம், படம், பத்திரிகைத் துண்டு எதையும் இணைக்கக் கூடாது. இணைத்தால் அதற்காகவே தள்ளுவார்கள். உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட வேண்டும். இதைவிட விரைவானது உங்கள் தொகுதி உறுப்பினர் வழியாக எழுத்துப்பூர்வக் கேள்வி. அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளுக்கு 230 கேள்விகள்தான் பட்டியலில் ஏறும், அதுவும் சீட்டுக் குலுக்கலில். ஆகவே ஒரே கேள்வியைப் பல உறுப்பினர்களிடம் கொடுங்கள்.

---

மூட்டைக் கணக்கு:

மனு, தீர்மானமெல்லாம் சரி. மதத் தலைவர்கள் பேசி எந்தப் போர் நின்றிருக்கிறது?

---

குன்றக்குடி ரோடு:

நின்றிருக்கிறது. மொசாம்பிக் உள்நாட்டுப் போர். சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவும் பெய்ரா பேராயர் ஜைமே கொன்சால்வெஸும் நடுவில் நின்று, ரோமில் 27 மாதம், 11 சுற்றுப் பேச்சு. 1992 அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம். அவர்களிடம் பணமும் படையும் இல்லை. பல ஆண்டு உணவும் மருந்தும் கொண்டுபோய் இரு பக்கமும் முகம் பழகியிருந்தார்கள். சியரா லியோனில் முஸ்லிம், கிறிஸ்தவத் தலைவர்களின் கூட்டுப் பேரவை காட்டுக்குள்ளிருந்த கிளர்ச்சிக்காரர்களிடமும் போய்ப் பேசியது. 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம் வந்தது. மறு வருஷமே அது ஆட்டம் கண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், மத்தியஸ்தம் மட்டும் காவல் ஆகாது. அவ்வளவு தூரம் எதற்கு, கன்னியாகுமரி மாவட்டத்தில் 1982இல் நடந்த மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு நம் குன்றக்குடி அடிகளார் அங்கே போய் அமைதிப் பணி செய்தாரே.

ஆனால் காரைக்குடியில் உட்கார்ந்து மியான்மரில் மத்தியஸ்தம் செய்ய முடியாது. உங்களால் ஆவது மிசோரமில் நிற்பவர்களுக்குத் தோள் கொடுப்பதும், டெல்லியில் ஒரு கேள்வி கேட்பதும். எந்த ஆயுதக் குழுவின் 'நிவாரணப் பிரிவு' என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய் போகக் கூடாது.

---

பேரேடு:

கடைசியாக ஒன்று. வாங்கும் அமைப்பிடம் 12ஏபி (அறக்கட்டளையின் வரிப் பதிவு, இதுவும் பழைய எண்), 80ஜி சான்றுகள், பான், அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள்; தனிநபர் கணக்கு கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் 50,000 மட்டும் அனுப்பி, கடை பில்லும் ரேஷன் பட்டியலும் (பெயர் மறைத்து, குடும்ப எண் மட்டும்) வந்த பிறகு மிச்சத்தை அனுப்புங்கள். உங்கள் பக்கம் ரசீது போடும்போது 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்க வேண்டாம். கொடுத்தவருக்கு 80ஜி போய்விடும்.