அண்ணன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார், என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
அப்பா போன வருடம் தவறிவிட்டார், உயில் எழுதவில்லை. பிள்ளைகள் நானும் அண்ணனும்தான். கும்பகோணம் பக்கம் ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் நஞ்சை, எல்லாம் அவர் சம்பாதித்து வாங்கியது. பத்திர ஆபீசுக்கு வந்து, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று அண்ணன் கூப்பிடுகிறார். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்கிறார் அம்மா. எனக்கு உரிமை உண்டா? கேட்டால் பிறந்த வீடே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆவண எழுத்தர்:
உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் சேர்த்து. கல்யாண நகை இந்தக் கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களைத்தான் அப்போது விட்டுவிட்டார்கள், 2005 மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்தது. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அப்புறம் ரத்து செய்வது பெரும்பாடு.

மல்லி:
சட்டம் வந்து இவ்வளவு வருடமாகியும் பெண்கள் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், அந்தப் பழக்கம் அடுப்படியிலேயே தொடங்கிவிடுகிறது. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு தம்பிக்கு, வால் துண்டு நமக்கு, அவன் சாப்பிட்ட தட்டையும் நாம்தான் எடுக்க வேண்டும், "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி வளர்ந்தவளுக்குப் பங்கு என்று வாயெடுக்கவே கூசும். என் அத்தைகள் மூவரும் உறவு வேண்டுமென்றுதான் கையெழுத்துப் போட்டார்கள். பொங்கல் சீர் கொஞ்ச காலம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

சேலத்துக்காரன்:
அண்ணன் பக்கமும் பாருங்கள். அம்மாவை வைத்துக்கொள்வது, மருந்துச் செலவு, தாய்மாமன் சீர் எல்லாம் அவர் தலையில்தானே? என் தங்கைக்கு நான் பங்கைப் பணமாகக் கொடுத்தேன், இன்றும் வந்து போகிறாள்.

மல்லி:
செலவு அவருடையதாக இருக்கலாம். வென்னீர் வைத்துக் கொடுப்பதும் ராத்திரி விழித்திருப்பதும் அண்ணிதான், அவருக்குப் பத்திரத்தில் என்ன இருக்கிறது? அதை விடுங்கள், அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொல்கிறாரா?

காவிரிக்கரை:
ஆமாம், ஒரே பத்திரத்தில் நாங்கள் இருவரும்.

ஆவண எழுத்தர்:
அப்படியென்றால் முதலில் அம்மாவின் பங்கைப் பேசுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவர் மகனை அண்டித்தான் இருந்தாக வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுக்கும் வரை தேதி தள்ளிப்போடச் சொல்லுங்கள்.