கிட்டில் எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது: மோட் மாற்றத்தை மட்டும் நீக்குவது எப்படி?

யாங்கோன் டீச்சர்

வணக்கம். எங்கள் கோயிலில் ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்காக ஒரு பர்மியம்–தமிழ் சொற்பட்டியலை, ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைத்திருக்கிறோம். பழைய பட்டியல்கள், யுனிகோடோடு ஒத்துப்போகாத ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவில் அடித்தவை. 2019 அக்டோபரில் மியன்மார் நாடே யுனிகோடுக்கு மாறிய பிறகும் இவை அப்படியே கிடந்தன. மூன்று வாரமாக உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக யுனிகோடுக்கு மாற்றி வருகிறேன். இன்னும் கமிட் செய்யவில்லை, அதாவது கிட்டில் பதியவில்லை.

நேற்று கரண்ட் இல்லாததால் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், சித்தப்பா வீட்டு லேப்டாப்பில் காப்பி செய்தேன். இரண்டிலும் உபுண்டுதான். கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் 412 ஃபைல் மாறியதாகச் சிவப்பாக வருகிறது. நான் கை வைத்தது அறுபதுகூட இருக்காது. தொடாத ஒரு ஃபைலில் என்ன மாறியது என்று டிஃப் எடுத்தேன், இரண்டே வரி:

ஓல்டு மோட் 100644
நியூ மோட் 100755

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் \340\256\205 என்று எண்ணாக வருகின்றன. பெயர்களும் கெட்டுவிட்டனவா? என் மூன்று வார வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பெகு தம்பி

அக்கா, கிட் ரீஸெட் --ஹார்ட் அடியுங்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மோல்மீன் அண்ணன்

டீச்சர், தயவுசெய்து அதை அடிக்காதீர்கள்! மோட் பழையபடி ஆகும், ஆனால் கமிட் செய்யாத யுனிகோடு வேலையும் சேர்ந்து போய்விடும். தம்பி, கமிட் ஆகாத வேலை இருக்கும்போது ரீஸெட் ஹார்டைச் சொல்லவே கூடாது.

முதலில் ஃபோல்டரை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

நடந்தது இதுதான். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் ஃபைல் அமைப்பில் இருக்கும். லினக்ஸின் பர்மிஷன்களை (டிஃப் காட்டிய ‘மோட்’ இதுதான்) எழுதி வைக்க அவற்றில் இடமே இல்லை. அதனால் மவுண்ட் ஆகும்போது எல்லா ஃபைலுக்கும் ஒரே பர்மிஷன் கிடைக்கிறது, உங்களுக்கு 755. அதுவே லேப்டாப்புக்கும் வந்துவிட்டது. சாதாரண ஃபைலின் பர்மிஷனில் கிட் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: அதை இயக்கலாமா கூடாதா. 644 என்றால் கூடாது, 755 என்றால் இயக்கலாம். அந்த ஒரு பிட் மாறியதற்குத்தான் இத்தனை சிவப்பு. உங்கள் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இதை அடியுங்கள்:

கிட் கான்ஃபிக் கோர்.ஃபைல்மோட் ஃபால்ஸ்

ஸ்டேட்டஸில் நீங்கள் உண்மையில் திருத்தியவை மட்டும் நிற்கும். அவற்றை ஆட் செய்து கமிட் செய்யுங்கள். இந்த நிலையில் கிட் பழைய 644-ஐயே வைத்துக்கொள்ளும், 755 உள்ளே போகாது. கமிட் ஆன பிறகு ஸ்டேட்டஸில் எந்த மாற்றமும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே அமைப்பை ட்ரூ என்று திருப்பிவிட்டு, கிட் டிஃப் --சம்மரி பாருங்கள். ‘மோட் சேஞ்ச்’ வரிகள் மட்டும் இருந்தால், கிட் ரீஸ்டோர் போட்டு ஒரு இடைவெளி விட்டு ஒரு புள்ளி. இழக்க ஒன்றும் மிச்சம் இல்லை என்பதால் இப்போது அது ஆபத்தில்லை.

எல்லாவற்றின் பர்மிஷனையும் ஒரேயடியாக மாற்றும் சிஎச்மோட் -ஆர் 644 போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன். ஃபோல்டர்களின் எக்ஸ் பிட்டும் போய், உள்ளேயே நுழைய முடியவில்லை.

பெயர்கள் கெடவில்லை. ஆங்கிலமல்லாத எழுத்தைக் கிட் பைட் பைட்டாக எண்ணில் காட்டும். 340 256 205 என்பது நம் ‘அ’ தான். கோர்.கோட்பாத் என்பதையும் ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழிலேயே வரும்.

யாங்கோன் டீச்சர்

அண்ணே, உயிர் வந்தது! 412 இருந்த இடத்தில் 57 தான் நின்றது, எல்லாமே நான் திருத்தியவை. கமிட் செய்துவிட்டேன். ட்ரூ ஆக்கியதும் மறுபடி 412, ஆனால் அத்தனையும் மோட் சேஞ்ச் வரிகள். ரீஸ்டோர் செய்தேன், சுத்தம். பிடிஎஃப் உருவாக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் பட்டியலில் வரவே இல்லை. அது முதலிலிருந்தே 755 என்பதால்தானே?

இன்னொன்று. உடன் பாடம் எடுக்கும் அக்கா போன மாதமே இதே மாதிரி 9 ஃபைலை 755 ஆகக் கமிட் செய்திருக்கிறார். அவற்றை என்ன செய்வது?

மோல்மீன் அண்ணன்

ஆமாம், ஸ்கிரிப்ட் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த 9 ஃபைலுக்கு மட்டும் பெயர் சொல்லி சிஎச்மோட் 644 போட்டு, தனிக் கமிட்டாகப் போடுங்கள். அந்த அக்கா விண்டோஸ் வைத்திருந்தால் சிஎச்மோட் உதவாது. கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஎச்மோட்=-எக்ஸ் என்று கொடுத்து, பின்னால் ஃபைல் பெயர்.

அப்புறம், அடுத்த முறை கரண்ட் போனால் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டும் டார் ஆக்கிக் கொண்டுபோங்கள். பர்மிஷன் அந்த ஒரே ஃபைலுக்குள் பதிந்து வரும், பென்டிரைவால் அதைத் தொட முடியாது. கமிட் செய்த வேலை மட்டும் போதும் என்றால், கமிட்டுகளை ஒரே ஃபைலாக்கித் தரும் கிட் பண்டில் இன்னும் நல்லது.

பெகு தம்பி

மன்னியுங்கள் அக்கா, கமிட் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன்.

யாங்கோன் டீச்சர்

பரவாயில்லை தம்பி, உதவ வந்தீர்களே. 9 ஃபைலும் சரியாகிவிட்டன. கோட்பாத்தை மாற்றியதும் ‘அரிசி’, ‘ஆறு’, ‘உப்பு’ என்று பெயர்கள் வரிசையாகத் தமிழில் வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கான முதல் பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.