புதுப்பிப்பு: புலி முகத்தில் விழுந்த கோடுகளுக்குக் காரணம் ஸ்பொஞ்ச்தான்

பிள்ளைகளின் முகத்தில் புலி வரையும்போது அடிநிறம் கோடு கோடாக விழுகிறதே, பிழை பெயின்டிலா ஸ்பொஞ்சிலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஸ்பொஞ்சை மாற்றச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதுதான் பிழை.

நான் பாவித்தது பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சின் வெட்டுத்துண்டு. துளைகள் பெரியவை, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கன்னத்தில் வழியவிடும். இப்போது நெருக்கமான நுண்துளை வட்ட ஸ்பொஞ்சை இரண்டாக வெட்டிக்கொள்கிறேன். வளைந்த பக்கம் கன்னத்துக்கும் நெற்றிக்கும், மூலை கண்ணோரத்துக்கும். தண்ணீரில் கரையும் பெயின்டுக்கு ஸ்பொஞ்ச் லேசான ஈரமாக இருந்தால் போதும். பெயின்டில் தேய்த்து, தோலில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்தால் எந்த ஸ்பொஞ்சும் கோடு போடும்.

சனிக்கிழமை உப்புவெளியில் ஒரு பிறந்தநாள், 16 பிள்ளைகள். கடற்கரை வெக்கையிலும் செம்மஞ்சள் சமமாக நின்றது. ஒரு சின்னவள் கண்ணாடியைப் பார்த்து உறுமியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அப்புறம், ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. 16 பேருக்கு 8 ஸ்பொஞ்ச் போதுமே. பாவித்ததை வாளித் தண்ணீரில் அலசி அடுத்த பிள்ளைக்கு எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்நோயும் தோல் தொற்றும் அப்படிப் பரவலாம். வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். மாரியில் இங்கே லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கார்த்திகைக்கு முன் இன்னொரு செட் வாங்கப் போகிறேன்.