பள்ளி வாசலில் சானிட்டைசர் ஸ்டாண்டா, குழாயடியில் சோப்பா?

கணக்குப்புலி:
கொரோனாவால் மூடியிருந்த 1 முதல் 8 வரை வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. 240 பிள்ளைகள், 6 குழாய் உள்ள நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலே கை கழுவி முடிக்க 40 நிமிஷம். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் காலால் மிதிக்கும் சானிட்டைசர் ஸ்டாண்ட் இரண்டு வாங்கி, தினமும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து அடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பேன்.

வேம்பு:
புலி சார், அந்தக் கணக்கை முழுசா போடுங்க. ஒரு தடவைக்கு 3 மில்லி, நாளைக்கு நாலு தடவைன்னா 240 பேருக்கு கிட்டத்தட்ட 3 லிட்டர் ஆகுது. பாதி அளவு ஊத்தினா சீக்கிரமே காஞ்சுபோகும். 20 முதல் 30 விநாடி ஈரம் நின்னாதான் வேலை செய்யும். மண்ணு, எண்ணெய் ஒட்டின கையில அதுவும் எடுபடாது. கழிப்பறை போய்ட்டு வந்த கைக்கும், சத்துணவு பிசைஞ்சு சாப்பிடப்போற கைக்கும் சோப்புதான். இன்னொண்ணு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஸ்டாண்டோட மூக்கு சரியா கண்ணு உயரத்துல நிக்கும்.

கணக்குப்புலி:
சோப்பு வைத்தால் முதல் நாளே தண்ணீரில் கிடந்து கூழாகும். மிச்சத்தைக் காக்கா தூக்கிக்கொண்டு போகும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வேம்பு:
சிரிக்கல சார், உண்மைதான். அதனால கட்டி சோப்பே வேண்டாம். 1.5 லிட்டர் தண்ணியில 30 கிராம் சோப்புத்தூள் கரைச்சு பாட்டில்ல ஊத்தி, மூடியில ஆணியால ஓட்டை போட்டு, குழாய்க்குப் பக்கத்துல கட்டிடுங்க. காக்காவுக்கு அதுல வேலை இல்ல. குழாய் பத்தலையா, முக்கால் இஞ்ச் பிவிசி பைப் 10 அடி, அடிக்கு ஒரு 2 மி.மீ. ஓட்டை, ஒரே வால்வு. பத்துப் பத்துப் பேரா நின்னா 24 நிமிஷம். தேய்க்கிற 20 விநாடியும் வால்வை மூடிடணும், இல்லைன்னா மதியத்துக்குள்ள டேங்க் காலி.

தென்றல்:
இருவரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில். மேசையைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. ஸ்ப்ரே செலவை விட்டுவிட்டு, எதிரெதிர் சுவர்களில் இருக்கும் ஜன்னல்களைத் திறக்க வழி செய்யுங்கள். மூடிய அறையில் ஃபேன் போட்டால் அதே காற்றுதான் சுற்றும். மாஸ்க் கழற்றப்படுவது சாப்பாட்டு நேரத்தில். அதை வராண்டாவில், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து முடிக்கலாம். நனைந்த மாஸ்க்கை மாற்ற பையில் இன்னொன்று இருக்கட்டும்.

கணக்குப்புலி:
நவம்பரில் ஜன்னலா? வடகிழக்குப் பருவமழை நேரம். சாரல் அடித்தால் முதலில் சாத்துவது அதைத்தான்.

தென்றல்:
சாரல் ஒரு பக்கம்தான் அடிக்கும். அந்தப் பக்கம் சாத்தி, மறுபக்க ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் போதும். மழை என்றதும் நினைவு வருகிறது: கை கழுவ டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் துணி கட்டி மூடுங்கள். வாரம் ஒருமுறை கொட்டி, உள்சுவரைத் தேய்க்கவேண்டும்; ஏடிஸ் கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். கொரோனாவுக்குப் பயந்து டெங்குவை வளர்க்க வேண்டாம்.

வேம்பு:
மேசை துடைச்சே ஆகணும்னா, 30 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 33 கிராம், 10 லிட்டர் தண்ணிக்கு. தெளிய விட்டு மேல்தண்ணியில துணி நனைச்சுத் துடைங்க, பிள்ளைங்க மேல அடிக்கவே கூடாது. கழிப்பறை ஆசிட்டோட கலந்துட்டா குளோரின் வாயு கிளம்பும்.

கணக்குப்புலி:
ஸ்ப்ரேயை விட்டுவிடுகிறேன். பேருந்தில் வருகிறவர்களுக்காக ஒரு ஸ்டாண்ட் வாசலில் இருக்கட்டும், ஆசிரியர் கண் முன்னால்; அதில் நான் மாறவில்லை. பைப்புக்குச் சரிவு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

வேம்பு:
சரிவே வேண்டாம், ரசமட்டம் வச்சு மாட்டுங்க. சாய்ஞ்சா தாழ்ந்த முனையில பீச்சும், மேல்முனையில சொட்டும். கடைசி மூடியை ஒட்டாம மரை போட்டதா வாங்குங்க. போர் தண்ணி உப்பு ஓட்டையை அடைக்கும், மாசம் ஒருதடவை கழட்டிக் கழுவணும்.