கறுப்பின நாயகன் என்றால் தவளையா, பூனையா, புறாவா?

வடலிக்காற்று:
'முஃபாசா' (2024) பார்த்தேன். 'மூன்லைட்' எடுத்த பேரி ஜென்கின்ஸ் இயக்கம். ஆரோன் பியரி, கெல்வின் ஹாரிசன் என்று முக்கியக் குரல்களும் கறுப்பினக் கலைஞர்களுடையவை. திரையில் மட்டும் ஒரு கறுப்பு முகம் இல்லை. சரி, சிங்கக் கதையில் சிங்கம்தான் வரும், அதை விடுங்கள். மனிதர்கள் வரும் படங்களுக்கு வருவோம். 2009இல் டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா, 'தி பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்' படத்தில். பாதிப் படத்துக்கு மேல் தவளை. 2019இல் 'ஸ்பைஸ் இன் டிஸ்கைஸ்', வில் ஸ்மித் குரல் கொடுத்த உளவாளி புறாவாகிவிடுகிறான். 2020இல் 'சோல்'. பிக்சாரின் முதல் கறுப்பின நாயகன் ஜோ கார்ட்னர், கதை சூடுபிடிப்பதற்குள் தெருக்குழியில் விழுந்து நீல நிற ஆவியாகி, அப்புறம் ஒரு பூனைக்குள் போய் மாட்டிக்கொள்கிறான். ஏன் இவர்களை மனித உடம்போடு முழுப் படமும் நடமாட விடுவதில்லை?

பழைய புரொஜெக்டர்:
உருமாற்றம் என்பது அனிமேஷனுக்கே உரிய வித்தை, தோழர். 'தி எம்பரர்ஸ் நியூ குரூவ்' படத்தில் அரசன் லாமா ஆகிறான். 'பிரதர் பேர்' நாயகன் கரடி. 'பிரேவ்' படத்தில் ஸ்காட்லாந்து ராணியும் கரடி. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' பற்றிச் சொல்லவே வேண்டாம். தவளை இளவரசன் கதையைத் தவளை இல்லாமல் எடுக்கச் சொல்கிறீர்களா? எதைப் பார்த்தாலும் நிறக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் படம் பார்க்கும் சுகமே போய்விடும்.

வடலிக்காற்று:
எனக்குச் சாட்சி சொல்ல இரண்டு பேரை நீங்களே கூட்டி வந்திருக்கிறீர்கள், நன்றி. லாமா ஆகும் அரசன் தென் அமெரிக்க இன்கா. கரடி ஆகும் கெனாய் வட அமெரிக்கப் பழங்குடி இளைஞன். ஸ்காட்லாந்து ராணியும் பீஸ்டும் இருக்கிறார்கள்தான். ஆனால் வெள்ளையின நாயகர்களுக்கு அதைத் தாண்டி எத்தனையோ படம் இருக்கிறது. டியானாவுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதிலும் பாதி தவளைக்குப் போய்விட்டது.

கோட்டோவியள்:
நான் அனிமேஷன் துறையில் லைட்டிங் வேலை பார்க்கிறவள். 'சோல்' படத்தை வடலி இப்படி இரண்டு வரியில் கடந்துபோவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கருந்தோலுக்கு ஒளி வைப்பது தனி வித்தை. வெளிர்தோலுக்கு வைத்த ஒளியை அப்படியே வைத்தால் முகம் சாம்பல் பூசினாற்போல் செத்துக் கிடக்கும். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவாளர் பிராட்ஃபோர்ட் யங்கை ஆலோசகராகவே கூப்பிட்டார்கள். முடிவெட்டும் கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு தலையிலும் முடி ஒவ்வொரு மாதிரிச் சுருண்டிருக்கும். தோலின் நிறமும் ஆளுக்கு ஆள் வேறு. கூட்டத்துக்கு ஒரே ஆளைப் பத்து முறை நகல் எடுத்து நிறுத்துகிற சோம்பேறித்தனம் அங்கே கிடையாது. இணை இயக்குநர் கெம்ப் பவர்ஸ் கறுப்பினத்தவர். அவர் உள்ளே இருந்ததன் தடம் அந்தக் காட்சி முழுக்கத் தெரியும்.

வடலிக்காற்று:
நல்ல காட்சியைத்தான் எடுத்தீர்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்? ஜோவின் உடம்பு. உள்ளே இருப்பது '22' என்ற ஆவி, நமக்குக் கேட்பது டினா ஃபே குரல். ஜோ பூனையாக ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். படத்திலேயே கறுப்பினச் சமூகம் ஒன்றுகூடும் இடம் அது. அங்கே பேசுகிற வாய்ப்பு வெள்ளையினப் பெண் ஒருவரின் குரலுக்குப் போகிறது. ஒளி அழகாக விழுகிறது, மறுக்கவில்லை.

கோட்டோவியள்:
அதே காட்சியில் முடிவெட்டுகிற டெஸ் என்ன சொல்கிறார்? கால்நடை மருத்துவர் ஆக நினைத்திருந்தேன், மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, முடிவெட்டும் பள்ளிக்குச் செலவு குறைவு, வந்துவிட்டேன் என்கிறார். இத்தனை வருடம் அவரிடம் முடிவெட்டிய ஜோவுக்கு இது தெரியாது. எப்போது போனாலும் ஜாஸ் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தவன். நீ கேட்டதே இல்லையே என்று முகத்துக்கு நேரே பதில் வருகிறது. ஜோ வெளியே நின்று தன்னைத்தானே பார்த்தால்தான் இது நடக்கும். கதைக்கு அது தேவை. டியானா விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். 'ரால்ஃப் பிரேக்ஸ் த இன்டர்நெட்' (2018) முன்னோட்டத்தில் டியானாவின் நிறத்தை வெளுக்கவிட்டு மூக்கையும் சிறிதாக்கியிருந்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் திருத்தி வரைந்தார்கள். அதைக் கதைக்குத் தேவை என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய புரொஜெக்டர்:
எனக்கு உறுத்துவது வேறு. பழைய பாத்திரத்தை எடுத்து நிறம் மாற்றி, அதையே முன்னேற்றம் என்று விற்கிறார்கள். 2023 'தி லிட்டில் மெர்மெய்ட்' அப்படித்தான். கடல்கன்னியாக வந்த கறுப்பின நடிகை ஹாலி பெய்லி நன்றாகப் பாடினார், குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக ஒரு கதை எழுதச் சோம்பல். ஸ்பைடர்-மேன் ஆகிற மைல்ஸ் மொராலெஸ் மாதிரி சொந்தப் பெயரோடு, சொந்த வீட்டோடு ஒரு பையனை உருவாக்குங்கள், யார் வேண்டாம் என்கிறார்கள்?

சும்மாஇரு:
யார் வேண்டாம் என்றார்களா? அண்ணே, 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் காமிக்ஸில் மைல்ஸைக் கொண்டுவந்தபோது, "இதுவும் நிறம் மாற்றுகிற வேலைதான், எங்கள் ஸ்பைடர்-மேன் இவன் இல்லை" என்று கத்தினார்கள். இன்றைக்கு அவனையே உதாரணம் காட்டுகிறீர்கள். பத்து வருடம் கழித்து ஹாலி பெய்லியையும் காட்டுவீர்கள்.

வடலிக்காற்று:
'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' (2023) அதைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டது. உன்னைக் கடித்த சிலந்தி வேறு உலகத்தது, நீ ஸ்பைடர்-மேன் ஆகியிருக்கவே கூடாது என்று மிகெல் என்ற இன்னொரு ஸ்பைடர்-மேன் மைல்ஸ் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த ரசிகர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே. என் கேள்விக்கு இருக்கும் நல்ல பதிலும் மைல்ஸ்தான். அவன் எதுவாகவும் மாறுவதில்லை. முகமூடி போட்டாலும் புரூக்ளின் பையன், அப்பா கறுப்பினப் போலீஸ்காரர், அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரி. முதல் படமான 'இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) படத்தில் அம்மா ஸ்பானிஷில் பேசும்போது கீழே ஆங்கில வரி கூடப் போடவில்லை. அவர்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள், புரிகிறவர்களுக்குப் புரியட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த முதல் படத்தின் மூன்று இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சிதான் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின இயக்குநர்.

பழைய புரொஜெக்டர்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! கதை நன்றாக இருந்தால் கூட்டம் வரும். டியானா படம் சுமாராக ஓடியதற்கு நிறம் காரணம் இல்லை, கதைதான்.

சும்மாஇரு:
ஒரு வாரத்தில் 'அவதார்' வருகிறது என்று தெரிந்தும் டிசம்பர் 2009இல் டியானா படத்தை அமெரிக்கா முழுக்கத் திரையிட்டார்கள். அப்படியும் உலக அளவில் 26 கோடி டாலருக்கு மேல் வசூல். அந்தப் படத்திலிருந்து ஸ்டுடியோ கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? தலைப்பில் இளவரசி இருந்தால் பையன்கள் வர மாட்டார்கள் என்பது. ரபுன்ஸல் படத்தின் பெயரை 'டாங்கிள்ட்' என்று மாற்றினார்கள்.

இன்னொன்று. டியானாவை வைத்து ஒரு தொடர் எடுக்கப் போவதாக 2020இல் அறிவித்தார்கள். அதே சமயம் மோனாவுக்கும் ஒரு தொடர். மோனா தொடரைத் திரைப்படமாக மாற்றினார்கள், 'மோனா 2' நூறு கோடி டாலரைத் தாண்டியது. டியானா தொடரை 2025இல் கைவிட்டார்கள். நடுவில் 2024இல் டியானா பெயரில் தீம் பார்க்கில் படகுச் சவாரி மட்டும் திறந்தாயிற்று. இனவெறிப் படம் என்று கண்டிக்கப்பட்ட டிஸ்னியின் பழைய 'சாங் ஆஃப் த சவுத்' பாத்திரங்களை வைத்து ஓடிய பழைய சவாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில். பொம்மை உண்டு, உடை உண்டு, சவாரி உண்டு. அடுத்த கதைதான் இல்லை. இதற்கும் திரைக்கதைதான் காரணமா அண்ணே?

பழைய புரொஜெக்டர்:
ஸ்டுடியோ கணக்குப் போடுவது எல்லாருக்கும்தான். ஹாலிவுட் கைவிட்ட தொடர்களை எண்ணினால் விடிந்துவிடும். நல்ல கதை வைத்திருப்பவன் ஸ்டுடியோவை எதிர்பார்க்க மாட்டான். மேத்யூ செர்ரி 'ஹேர் லவ்' குறும்படத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். மகளுக்கு அப்பா தலை சீவிவிடுகிற கதை, ஆஸ்கர் வரை போனது.

வடலிக்காற்று:
ஒரு அப்பா மகளுக்குத் தலை சீவுகிற சில நிமிடக் கதைக்குக் கையேந்த வேண்டியிருந்தது என்பதுதான் என் புகாரே.

கோட்டோவியள்:
'தி இன்கிரெடிபிள்ஸ்' (2004) படத்துக் கறுப்பின சூப்பர் ஹீரோ ஃப்ரோசோனின் மனைவி ஹனி ஞாபகம் இருக்கிறதா? உடை எங்கே என்று ஃப்ரோசோன் கத்த, அடுத்த அறையிலிருந்து ஹனியின் குரல் மட்டும் வரும். 2018 இரண்டாம் பாகத்திலும் குரல்தான். மூன்றாம் பாகம் தயாராகிறது. அதிலாவது அந்த அம்மாவை வரைய யாருக்காவது வேலை கொடுத்தால் நல்லது.

பழைய புரொஜெக்டர்:
வரைந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவதில்தான் அந்த ஜோக்கே இருக்கிறது.

சும்மாஇரு:
அதே படத்தின் வெள்ளையின நாயகி எலாஸ்டிகர்லுக்கு முகமும் காட்டினார்கள், ஜோக்கும் கொடுத்தார்களே அண்ணே.