நல்லா இருக்கிற மூளைக்குக் காந்தம் எதுக்கு?

செல்லூர் பங்காளி:
அக்கா மகன் ரெண்டாவது தடவை நீட் எழுதப் போறான். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு இடத்துல, காந்தத்தை வச்சு மூளையத் தூண்டிவிட்டாப் படிச்சது மறக்காது, பத்து நாள் வந்தாப் போதும்ங்கிறாய்ங்க. ஊசி, மாத்திரை எதுவும் கிடையாதாம். அக்கா காசு கட்ட ரெடியாயிருச்சு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெப்பக்குளத்தான்:
ஷாக் வைக்கிறதுக்குத்தான் புதுப் பேரு வச்சிருக்காய்ங்க. நல்லாருக்கிற பயலக் கெடுத்துராதீங்க.

வில்லாபுரம் தம்பி:
அண்ணே, அது வேற இது வேற. இதுக்கு டி.எம்.எஸ்.னு பேரு, வெளியில இருந்தே காந்தத்தால மூளையத் தூண்டுறது. ஷாக்குல மயக்கம் குடுத்து வலிப்பையே வரவைப்பாங்க. இதுல வலிப்பு வந்துறக் கூடாதுன்னுதான் அளவே வச்சிருக்கு. 1985ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஆன்டனி பார்க்கரும் கூட இருந்தவங்களும் செஞ்ச கருவி. தலை மேல வைக்கிற கம்பிச் சுருள்ல மின்சாரம் கண்ணிமைக்கிறதுக்குள்ள பாஞ்சு நிக்கும். அதுல உண்டாகுற காந்தப்புலம் மண்டையோட்டத் தாண்டிப் போயி மூளையோட மேல்பரப்புல சின்ன மின்னோட்டத்த உண்டாக்கும். எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்ச ஃபாரடே சமாச்சாரம்தான். காந்தத்தோட வீரியம் ஒண்ணரை, ரெண்டு டெஸ்லா, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அளவு. மன அழுத்த நோய்க்கு அமெரிக்காவுல 2008லயே அனுமதி குடுத்துட்டாங்க. நோயாளிக்கே ஒண்ணும் ஆகலேன்னா நல்லாருக்கிறவனுக்கு என்ன ஆயிறப் போகுது?

ஆரப்பாளையத்தாள்:
மத்ததெல்லாம் சரி தம்பி, கடைசி வரிதான் இடிக்குது. மாத்திரைக்கும் மசியாத நோய்க்குப் பலன் கிடைக்கும்னா சின்ன ஆபத்தைத் தாங்கிக்கலாம். நோயே இல்லாதவன் எதுக்காகத் தாங்கணும்?

நான் பெங்களூர்ல படிக்கும்போது இந்தக் காந்தத்த வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வுக்குத் தலையக் குடுத்தவ. மொதல்ல ஒரு படிவம். வலிப்பு வந்திருக்கா, குடும்பத்துல யாருக்காச்சும் உண்டா, தலைக்குள்ள ஆபரேசன்ல வச்ச உலோகக் கிளிப், காதுக்குள்ள காது கேக்க வைக்கிற காக்ளியர் கருவி, நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுற, நேத்து ராத்திரி தூங்குனியா, எல்லாம் கேட்டாங்க. சத்தம் கடுமையா இருக்கும்னு காதை அடைச்சுவிட்டாங்க. எட்டு மாதிரி வளைஞ்ச சுருளை உச்சிக்கு இடப்பக்கமா வச்சதும் ‘டக்’. வலது கட்டைவிரல் தானாத் துள்ளுச்சு. சத்தியமா நான் அசைக்கல. எவ்வளவு வீரியத்துல விரல் துடிக்குதுன்னு பாத்துத்தான் ஆளாளுக்கு அளவு வைக்கிறாங்க. சாயங்காலம் வரைக்கும் மண்டையிடி, வேற ஒண்ணுமில்ல. அறிவும் ஒண்ணும் கூடல!

வில்லாபுரம் தம்பி:
ஞாபகசக்தி கூடுனதா ஆய்வு வந்திருக்கேக்கா. உங்க ஒருத்தர வச்சு முடிவு கட்டலாமா?

ஆரப்பாளையத்தாள்:
வந்திருக்கு, இல்லைங்கல. ஆனா ஒரே மாதிரித் தூண்டுனாலும் ஒருத்தருக்கு ஏறும், இன்னொருத்தருக்கு இறங்கும். ஒரு தடவை தூண்டுனதோட பாதிப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள கரைஞ்சுரும். ஆய்வுக்கூடத்துல நாலு நம்பரை ஞாபகம் வச்சுச் சொல்றதும், வருசம் பூராப் படிச்ச தாவரவியல் பரீட்சையில கைகுடுக்கிறதும் ஒண்ணா?

இன்னொண்ணு. வலிப்பு அபூர்வம்தான். 1998ல வகுத்த பாதுகாப்பு விதியை 2009லயும் 2021லயும் திருத்தியிருக்காங்க, அதுக்குள்ள நின்னா ரொம்பவே அபூர்வம். ஆனா தூக்கம் கெட்டா வலிப்பு வர வாய்ப்பு கூடும். பங்காளி, பய எவ்வளவு நேரம் தூங்குறான்?

செல்லூர் பங்காளி:
நாலு மணி நேரம்க்கா. ராத்திரி ரெண்டு மணிக்கும் டீ போட்டுக் குடிக்கிறான்.

தெப்பக்குளத்தான்:
தூங்காநகரத்துக்காரன்னா அதுக்காக இப்படியாப்பா? மொதல்ல அவனத் தூங்கச் சொல்லு. படிச்சது அதுலதான் பதியும்.

வில்லாபுரம் தம்பி:
டாக்டர் பாத்துச் செஞ்சா ஆபத்து கம்மிங்கிறதுல நான் மாறல. பங்காளி, அங்க டாக்டர் இருக்காரான்னு மட்டும் கேளுங்க.

செல்லூர் பங்காளி:
இப்பத்தான் போன் போட்டேன். வலிப்பு, மாத்திரை, தூக்கம் பத்தி ஒரு கேள்வி இல்ல. டாக்டர் இருக்காரான்னா, “மிஷின் ஆட்டோமேட்டிக் சார்”ங்கிறாய்ங்க. இன்னைக்கே முன்பணம் கட்டுனா பத்து நாள்ல ரெண்டு நாள் இலவசமாம்.